சிவந்த விரலிடுக்குகள்

சம்பா நடவு நடக்கும் ஆவணி, புரட்டாசியில் அம்மாவின் கால்விரல் இடுக்குகள் செக்கச்சிவந்திருக்கும். "உங்கம்மா காலுக்கெல்லாம் மருதாணி வச்சுப்பாங்களா?" என்று பள்ளித்தோழி ஒருத்தி ஆசையாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். அது சேற்றுப்புண்ணுக்கு வைத்த மருந்து என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

பொழுதுக்கும் சேற்றில் நின்றால் விரலிடுக்குத் தோல் ஊறி, வெளுத்து, வெடித்துவிடும். பூஞ்சையும் பாக்டீரியாவும் அந்த வெடிப்பில் புகும். மருதாணியில் இருக்கும் லாசோன் என்ற சாயப்பொருளுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணம் உண்டு. தோலின் புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் ஒரு கழுவலில் போய்விடாது. விடிந்தால் மறுபடி வயலில் இறங்க வேண்டியவளுக்கு இதைவிடத் தோதான மருந்து எது?

ஆறாத வெடிப்புக்குக் களிம்பு. குப்பைமேனி இலையை இடித்துச் சாறு பிழிந்து, வேப்பெண்ணெயில் விட்டு, மஞ்சள்தூள் போட்டு, சிறு தீயில் காய்ச்சுவாள் அம்மா. அடியில் தங்கும் கசடை எடுத்து உருட்டித் தணலில் போட்டுப் பார்ப்பாள். சடசடத்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. ஈரம் இருந்தால் களிம்பு ஊசிப்போகும். சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கி வடிகட்டி, சூட்டிலேயே தேன்மெழுகைக் கரைப்பாள். ஒரு பங்கு மெழுகுக்கு நாலைந்து பங்கு எண்ணெய். இதையெல்லாம் அவள் அளந்து நான் பார்த்ததில்லை.

தஞ்சாவூரில் மருந்துக்கு எழுத்து வரலாறும் இருக்கிறது. 1798 முதல் 1832 வரை அரசராயிருந்த இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகாலை அமைத்தார். அங்கே பயன்படுத்திப் பார்த்த மருத்துவ முறைகளைப் புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக்கினார்கள். சரசுவதி மகால் நூலகம் அவற்றைச் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று நோய்வாரியாக அச்சிட்டது. கண்நோயாளிகளுக்குப் படம் வரைந்த குறிப்புகள்கூட எஞ்சியிருக்கின்றன. மகத்தான வேலை, சந்தேகமில்லை. ஆனால் மருந்து செய்யுளாக வேண்டுமானால் வைத்தியர், புலவர், ஓலை, அரசர் எல்லாம் வேண்டும். நூலின் பெயரிலேயே அரசர் நிற்கிறார். நடவாளின் களிம்பு அடுப்படியிலேயே நின்றுவிட்டது.

இதைப் 'பாட்டி வைத்தியம்' என்று கொண்டாடுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. இந்தக் களிம்பு யாருக்கு லாபம் தந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. ஆள் புண்ணோடு படுத்துவிட்டால் நடவு நிற்கும். அவள் படுக்காமல் பார்த்துக்கொண்டது, ராத்திரியில் அவளே அரைத்த இலை. பண்ணைக்கு அதில் சல்லிக்காசு செலவில்லை. அந்த அரைப்பும் காய்ச்சலும் கூலிக் கணக்கில் வரவே இல்லை.

கீழத்தஞ்சையில் புண் சேற்றால் மட்டும் வந்ததுமில்லை. பண்ணையாட்களைச் சவுக்கால் அடித்தார்கள். சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். செங்கொடிச் சங்கத்தின் போராட்டத்துக்குப் பிறகே, 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில், இவற்றை நிறுத்த மிராசுதார்கள் ஒத்துக்கொண்டார்கள். மணலூர் மணியம்மாள் போன்ற பெண்கள் சேரிகளுக்குள் நடந்து வேலை செய்த காலம் அது. அவரை மையமாக வைத்து ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' எழுதினார். சவுக்கடி பட்ட முதுகுக்கு அந்த வீடுகளில் எதைக் காய்ச்சித் தடவினார்கள் என்றுதான் நான் யோசிக்கிறேன். கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதற்குக் களிம்பு கிடையாது.

சர்க்கரை நோய் வந்த பிறகு அம்மா தன் காலுக்கு எதையும் தடவிக்கொள்வதில்லை, டாக்டரிடம்தான் போகிறாள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் ஆவணி பிறந்தால் தைல டப்பாக்களைக் கழுவிக் காயவைத்து, தெருப் பெண்களுக்காகக் களிம்பு காய்ச்சுகிறாள். இந்தக் கட்டுரைக்காக, யாரிடம் கத்துக்கிட்டே என்று கேட்டேன்.

"நாத்துப் பறிக்கையில பக்கத்துல நின்னவ சொன்னாடி. வடக்குத் தெருக்காரி. பேரு என்னமோ..." என்று நெற்றியைச் சுருக்கினாள். அடுப்பில் எண்ணெய் நுரைத்தது, திரும்பிக்கொண்டாள்.