பிரம்பு போன பிறகு

'இப்பதான் யாரும் அடிக்கிறதில்லையே, அப்புறம் என்ன?' குழந்தைகளின் மனநலம் பற்றிப் பேச்செடுத்தால் வரும் முதல் பதில் இது. அடி நின்ற இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் சென்னைக்கும் பங்கிருக்கிறது.

1789இல் எழும்பூரில் தொடங்கிய ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியில், வெள்ளைச் சிப்பாய்களுக்கும் இந்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த பையன்கள் படித்தார்கள். அதை நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தன் பள்ளிக்குள் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் முரண்டு பிடிக்கவே, 8 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டு பாடம் நடத்தினார். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையின் இன்னொரு வடிவம்தான் அது. 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழி இது 'மெட்ராஸ் முறை' ஆயிற்று.

திண்ணையின் கோதண்டத்தை பெல் எடுத்துப் போகவில்லை. அவர் தண்டனையைக் குறைக்க நினைத்தவர். குற்றங்கள் ஒரு கறுப்புப் புத்தகத்தில் ஏறும். வாரந்தோறும் பையன்களே நடுவர்களாக இருந்து விசாரிப்பார்கள். சரியாகச் சொன்னவன் வரிசையில் மேலே போவான். தவறியவன் கீழே இறங்குவான். 1798இல் லண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் பிரம்பை வெறுத்தவர்தான். அவர் பள்ளியில் தவறு செய்தவன் கழுத்தில் மரக்கட்டை மாட்டினார்கள். கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள், எல்லாரும் பார்க்கும்படி.

கோதண்டத்திலும் அவமானம் உண்டு; ஆனால் அங்கே அது வலியோடு ஒட்டி வந்தது. இங்கே அவமானமே முழுத் தண்டனை. உடலை விட்ட அதிகாரம் மனதைப் பிடித்துக்கொண்டது. இதற்குச் 'சீர்திருத்தம்' என்று பெயர்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்தது. ஆனால் அச்சட்டம் 'குழந்தை' என்று சொல்வது 6 முதல் 14 வயது வரைதான். பொதுத்தேர்வுகளின் வயது அதற்கு வெளியே நிற்கிறது. பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது நல்ல காரியம். வகுப்புக்குள் அந்தப் பட்டியலைத் தடுக்க அது போதாது. மார்க்கைச் சத்தமாக வாசிப்பதும், மார்க்குப்படி உட்காரவைப்பதும் பெல்லின் வரிசைதான்.

பள்ளிதோறும் மனநல ஆலோசகர் வேண்டும் என்று கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். வரிசையை அப்படியே விட்டுவிட்டு ஆலோசகரை மட்டும் கேட்டால், கீழே இறக்கப்பட்ட பிள்ளைக்கு 'மனசைத் தேத்திக்கோ' என்று சொல்லச் சம்பளத்துக்கு ஒரு ஆள் கிடைப்பார். வரிசை அப்படியே இருக்கும்.