கடைக்கு வராத மருந்து

கேமரன் மலைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் எனக்கு, மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்தபின் மருந்தறை வாயிலில் நிற்கும் வரிசை புதிதன்று. இடுப்புவலி, தோள்வலி, முழங்கால்வலி. கேட்பதோ இரண்டு மாத்திரை. இன்ன மாத்திரை என்று கேட்பார் எவருமிலர். ஆதலின், விற்பனைக்கே வராத ஒரு வலிமருந்தின் சரித்திரம் நம்மவர் அறியத்தக்கது எனக் கருதி இதனை எழுதலானேன்.

வலிமருந்துகளின் மூதாதை அபின். அதைக் காய்ச்சிய சண்டு, 1910 முதல் சிங்கப்பூர், பினாங்கு முதலிய இடங்களில் சர்க்காரின் ஏகபோகச் சரக்காகவே விற்கப்பட்டதும், அவ்வருமானம் கஜானாவை நிரப்பியதும், இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின்னரே அடியோடு தடுக்கப்பட்டதும் பெரியோர் சொல்லக் கேட்டவையே. அபினின் சத்தாகிய மார்பினைப் பிரித்தெடுத்தவர் செர்ட்டூர்னர் என்ற ஜெர்மானியர். அதிலும் மேலான மருந்து வேண்டுமென்று கம்பெனிகள் முயன்றன. 1898ல் பேயர் கம்பெனி ஹெராயினை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியது. நல்ல இருமல் மருந்து!

இவ்வழியில் வந்ததே எட்டோனிட்டசீன். ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பாஸல் நகரில், சிபா கம்பெனியின் ரசாயன நிபுணர்கள், கசகசாச் செடியின் சம்பந்தமே இல்லாமல் இதனை ஆக்கி, 1957ல் அந்த முறையைப் பத்திரிகையில் வெளியிட்டனர். சுண்டெலிகளிடம் சோதித்தபோது மார்பினைக் காட்டிலும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வலிமை தோன்றிற்று. ஆனால் வலியைத் தணிக்கும் அளவுக்கும் மூச்சை அடக்கிவிடும் அளவுக்கும் நடுவே இருந்த இடைவெளியோ மிகக் குறுகியது. ஒரு கடுகளவு பிசகினாலும் உயிர் போகும் பொருளை எந்த வைத்தியர் அளந்து கொடுப்பார்? அது கடைக்கு வரவில்லை. 1961ம் வருஷத்து ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை, அதனை முதல் அட்டவணையில் வைத்துக் கட்டிற்று. சண்டுக்கு லைசென்ஸ் கொடுத்த உலகம், இதற்கு விரைவிலேயே கதவடைத்தது என்பது ஓர் ஆறுதல்.

மருந்து கைவிடப்பட்டதேயன்றி, அச்சிட்ட தாள் கைவிடப்படவில்லை. செய்முறை நூல்நிலையங்களில் தூங்கிற்று. ஆராய்ச்சியாளரை நான் பழியேன். கண்டதை மறைக்காமல் எழுதுவது அவர்கள் கடமை. ஆயினும் அறுபது வருஷங்களுக்குப் பின், அட்டவணையில் பெயரில்லாத விஷத்தைத் தேடிய கள்ள வியாபாரிகள் அக்குடும்பத்தையே தோண்டியெடுத்தனர். 2019ல் ஐசோட்டோனிட்டசீன் என்னும் உறவுப்பொருள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளிப்பட்டது. வேறு மாத்திரையென்று நம்பி விழுங்கியவர்களும் மாண்டனர். 2021ல் அதனையும் சர்வதேச அட்டவணையில் சேர்த்தார்கள். அதற்குள் அதன் பங்காளிகள் வேறு பெயர்களில் சந்தைக்கு வந்துவிட்டனர்.