இரண்டு 912களும் ஒரு கோவை இன்னிங்ஸும்

ரஞ்சிக் கோப்பைச் சாதனைப் பட்டியலில் 912 என்ற மொத்தம் இரண்டு அணிகளின் பெயரில் நிற்கிறது. 1945-46 பருவத்தில் மைசூருக்கு எதிராக இந்தூரில் ஹோல்கர் அணி 8 விக்கெட் இழப்புக்கு அதை எடுத்தது. 1988-89 பருவத்தில் கோவாவுக்கு எதிராகப் பனாஜியில் தமிழ்நாடு 6 விக்கெட் இழப்புக்கு அதே எண்ணைத் தொட்டு, டிக்ளேர் செய்தது, அதாவது எஞ்சிய விக்கெட்டுகள் கையில் இருக்கும்போதே இன்னிங்ஸை முடித்துக்கொண்டது. இவ்விரண்டையும் சமமாக எண்ணும் வழக்கம் மறுபரிசீலனைக்கு உரியது.

பனாஜி மொத்தத்தில் 52 ஓட்டங்கள் அபராத ஓட்டங்கள். குறித்த நேரத்துக்குள் வீசவேண்டிய ஓவர்களைக் கோவா வீசி முடிக்காததால் அவை தமிழ்நாட்டின் கணக்கில் சேர்ந்தன. அவற்றுக்காக எந்த மட்டையாளரும் பந்தைத் தொடவில்லை, எந்தப் பந்துவீச்சாளரின் கணக்கிலும் அவை ஏறவில்லை. அவற்றை நீக்கினால் எஞ்சுவது 860. அதில் டபிள்யூ. வி. ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302 என இருவர் மட்டும் 615 ஓட்டங்கள் எடுத்திருந்தனர். ஒரே இன்னிங்ஸில் இரு முச்சதங்கள் என்ற இந்த அருஞ்செயல் அபராத விதியால் சிறிதும் பாதிக்கப்படாதது. அணியின் மொத்தத்தைவிடப் போற்றத்தக்கதும் அதுவே. ஹோல்கர் இன்னிங்ஸின் இயல்போ வேறு: அங்கு ஆறு பேர் சதமடித்து ஓட்டச் சுமையைப் பகிர்ந்துகொண்டனர்.

ஓட்டங்களை வகைபிரித்துக் கணக்கிடுவதற்கு வேறொரு விளையாட்டு எடுத்துக்காட்டாகும். அமெரிக்கப் பேஸ்பாலில் 1922 ஆகஸ்ட் 25 அன்று சிகாகோ கப்ஸ் 26-23 என்ற கணக்கில் பிலடெல்பியா பில்லிஸை வென்ற ஆட்டமும் இத்தகையதொரு ஓட்ட வெள்ளமே. ஆயினும் அவ்விளையாட்டில் எறிவாளர் தம் எறிவால் விட்டுக்கொடுத்த ஓட்டங்களும், தடுப்பாளர்களின் பிழையால் கிடைத்த ஓட்டங்களும் எறிவாளர் கணக்கில் தனித்தனியே பிரிக்கப்படுகின்றன. கிரிக்கெட்டின் ஆட்ட அட்டையும் உதிரி ஓட்டங்களைத் தனியே காட்டுகிறது என்றாலும், மொத்தங்களை வரிசைப்படுத்தும் பட்டியலுக்கு வரும்போது அந்தப் பிரிவினை மறைந்துவிடுகிறது.

பனாஜி ஆட்டத்தில் எதிரணியின் நிலையும் கருதத்தக்கது. 1985-86இல் ரஞ்சிக்குள் நுழைந்த கோவாவுக்கு அது நான்காம் பருவம். தமிழ்நாடோ முந்தைய பருவத்தின் சாம்பியன். இதே ஏற்றத்தாழ்வு கொங்கு மண்ணிலும் காணப்பட்டது. 2024 ஜனவரியில் கோவை ஸ்ரீ ராமகிருஷ்ணா கல்லூரி மைதானத்தில் சண்டிகருக்கு எதிராகத் தமிழ்நாடு 4 விக்கெட் இழப்புக்கு 610 எடுத்து டிக்ளேர் செய்தபோது, 2019-20இல் ரஞ்சிக்கு வந்த சண்டிகருக்கும் அது நான்காவது பருவமே. கோவையில் பிறந்த நாராயண் ஜெகதீசன் அதில் 321 ஓட்டங்கள் குவித்து, ராமனின் 313ஐக் கடந்தார். அதற்கு முந்தைய ஆட்டத்தில் ரயில்வேஸுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 245 எடுத்திருந்தார். சண்டிகர் 111, 206 என இரு முறையும் சுருண்டு, ஓர் இன்னிங்ஸ் மற்றும் 293 ஓட்டங்களில் தோற்றது.

எதிரணியின் வலுவின்மையைச் சுட்டி ஜெகதீசனின் இன்னிங்ஸைக் குறைத்து மதிப்பிடுவோர், அதே அளவுகோலைப் பனாஜிக்கும் பொருத்தியாக வேண்டும். அவ்வாறு பொருத்தினால் ராமனும் அர்ஜனும் ஜெகதீசனும் ஒரே வரிசையில் நிற்பர். அணி மொத்தங்களைப் பொறுத்தவரை, பனாஜியின் எண்ணை 860 என்றும், அபராதம் 52 என்றும் பிரித்தே பட்டியலிட வேண்டும். ஹோல்கரின் 912க்குக் கீழான இடமே தமிழ்நாட்டுக்கு உரியது.