கலிபோர்னியா குடிமக்கள் தொகுதி மறுவரையறை ஆணையம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் தேர்தல் தொகுதி எல்லைகளை வரையும் குடிமக்கள் குழு. முன்பு இந்த எல்லை வரையும் பணி சட்டமன்றத்தின் கையில் இருந்தது. போட்டியிடுபவர்களே தங்கள் தொகுதியை வெட்டி ஒட்டிக்கொண்டார்கள் என்றே சொல்லலாம். 2008 பொதுவாக்கெடுப்பு மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளையும், 2010 பொதுவாக்கெடுப்பு நாடாளுமன்றக் கீழவைத் தொகுதிகளையும் ஆணையத்திடம் ஒப்படைத்தன.

உறுப்பினர் 14 பேர்: ஜனநாயகக் கட்சியினர் 5, குடியரசுக் கட்சியினர் 5, இரண்டையும் சாராதோர் 4. தேர்வுமுறைதான் இதன் உயிர்நாடி. விண்ணப்பித்த வாக்காளர்களிலிருந்து தணிக்கையாளர் குழு 60 பேரைப் பொறுக்கும். சட்டமன்றத் தலைவர்கள் அதில் 24 பேர் வரை நீக்கலாம். எஞ்சியோரில் 8 பேர் குலுக்கலில் தேர்வாவர். மீதி 6 பேரை அந்த எட்டுப் பேரே தேர்ந்தெடுப்பர். வரைபடம் நிறைவேற மூன்று பிரிவிலும் தலா 3 வாக்குகள் தேவை.

பொதுவிசாரணைகளில் எவரும் வந்து, தம் ஊரோ குடியிருப்போ இரு தொகுதிகளாகப் பிளக்கப்படக் கூடாது என வாதிடலாம். சொந்த வரைபடமும் தரலாம். பதவியில் இருப்பவர் எங்கே வசிக்கிறார் என்பதை ஆணையம் கருதக் கூடாது.

2011, 2021 ஆகிய ஆண்டுகளில் ஆணையம் வரைபடங்களை வெளியிட்டது. டெக்சாஸ் மாநிலம் தன் கீழவைத் தொகுதிகளை இரு கணக்கெடுப்புகளுக்கு இடையில் மாற்றியதற்குப் பதிலடியாக, 2025 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் சட்டமன்றம் தந்த கீழவை வரைபடத்தை 2030 தேர்தல் வரை ஏற்றனர். அடுத்த கணக்கெடுப்புக்குப் பின் அப்பொறுப்பு மீண்டும் ஆணையத்திடமே வரும்.