கை மட்டும் தெரிகிற ஓவியர்கள்: திகில் சித்திரமும் சட்டமும்

1

பயத்தைக் கல்லில் செதுக்கியவர்களுக்குக் கலை வரலாற்றில் இடம் உண்டு. அதே பயத்தை மலிவுத் தாளில் வரைந்தவர்களுக்கு இல்லை. இந்த வேறுபாடு தரத்தால் வந்தது என்று நம் விமர்சகர்கள் சொல்வார்கள். யார் கையில் அந்தப் படம் போய்ச் சேர்கிறது என்பதால் வந்தது என்று நான் நினைக்கிறேன்.

மாமல்லபுரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். திரௌபதி ரதத்தின் உள்சுவரில் கொற்றவை நிற்கிறாள். காலடியில் இரண்டு பேர் மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவன் ஒரு கையால் தன் முடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தன் கழுத்தில் வாளை வைத்திருக்கிறான். இன்னொரு கணத்தில் தலை விழும். அந்தக் கணத்தைச் சிற்பி செதுக்கவில்லை, பார்ப்பவனுக்கே விட்டுவிட்டான். வராக மண்டபத்திலும் இதே காட்சி உண்டு. ஏழாம் நூற்றாண்டு வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பஸ் பஸ்ஸாகக் கூட்டிவந்து காட்டுகிறோம். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று யாரும் மனு கொடுத்ததாகத் தெரியவில்லை.

கிராமத்துப் பக்கம் வந்தால் இன்னும் நேரடியாகவே இருக்கிறது. எங்கள் செங்கல்பட்டு வட்டாரத்தில் திரௌபதியம்மன் கோயில் பாரதம் முடிகிற நாள் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருப்பான். தொடை பிளக்கும், ரத்தம் எடுத்துக் கூந்தல் முடிவாள். அதற்கு முன் ஓர் இரவில் அரவான் களப்பலி. முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பது சின்னப் பசங்கதான். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். ரத்தம், துண்டான உடல், பழி என்று திகில் சித்திரக்கதையின் சரக்கு எல்லாம் இங்கேயும் இருக்கிறது. சடங்கு என்ற பெயர் இருப்பதால் அது பண்பாடு.

2

இந்தப் பின்னணியில் ஒரு சட்டத்தை வாசிக்க வேண்டும். 1956இல் இந்திய நாடாளுமன்றம் இளையோருக்குத் தீங்கான வெளியீடுகள் பற்றிய சட்டத்தை நிறைவேற்றியது. படங்களோடோ படங்களாலேயோ சொல்லப்படும் கதைகள் குற்றத்தை, வன்முறையை, அருவருப்பான பயங்கரத்தைக் காட்டி இளையோரைக் கெடுக்கக்கூடியவையாக இருந்தால், அவற்றை விற்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை. இளையோர் என்றால் 20 வயது நிரம்பாதவர். இதற்கு முந்தைய ஆண்டு வந்த இந்து திருமணச் சட்டம் பெண்ணின் கல்யாண வயதாக 15ஐ வைத்தது. அதாவது 15 வயசுல கட்டிக்கொடுக்கலாம், 19 வயசுல பேய்ப்படம் பார்த்தால் கெட்டுப்போவாள்! இளமை என்பது இயற்கை தரும் வயது அல்ல, அரசு தேவைக்கேற்ப வரைகிற கோடு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தச் சட்டத்தின் வேர் வெளியே இருக்கிறது. 1950இல் அமெரிக்காவில் ஈ.சி. என்ற சிறு நிறுவனம் திகில் சித்திர இதழ்களைத் தொடங்கியது. வில்லியம் கெயின்ஸ் முதலாளி, அல் ஃபெல்ட்ஸ்டைன் ஆசிரியர். ஜானி கிரெய்க், ஜாக் டேவிஸ், கிரஹாம் இங்கெல்ஸ் வரைந்தார்கள். விலை 10 சென்ட். 1954 ஏப்ரலில் செனட் விசாரணையில், கிரெய்க் வரைந்த அட்டையைக் காட்டிக் கெயின்ஸைக் கேட்டார்கள். கோடாலி பிடித்த ஒருவன் கையில் பெண்ணின் வெட்டுண்ட தலை. திகில் இதழுக்கு இது நல்ல ரசனைதான் என்று அவர் வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. அதே ஆண்டு பதிப்பாளர்கள் தாங்களே ஒழுக்க விதி போட்டுக்கொண்டார்கள்; தலைப்பில் திகில் என்ற சொல்லே கூடாது, ரத்தக்காட்டேரி கூடாது என்றார்கள். ஈ.சி.யின் திகில் இதழ்கள் நின்றன.

பிரிட்டனில் 1955இல் சட்டமே வந்தது. நம்முடையது அதன் தம்பி. அங்கே இந்த இயக்கத்தில் ஆசிரியர்களோடும் திருச்சபைகளோடும் பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளும் முன்னே நின்றார்கள். அமெரிக்க ஏகாதிபத்தியப் பண்பாட்டை எதிர்ப்பதாக நினைத்து, அரசின் கையில் ஒரு தணிக்கைக் கத்தியைக் கொடுத்தார்கள். இதைத் தோழர்கள் யோசிக்க வேண்டும். ஏனென்றால் அவர்கள் எதிர்த்த அந்த ஈ.சி.தான் 1953இல் ஓர் அறிவியல் கதையில், இனவெறியைச் சோதிக்க வரும் விண்வெளி வீரனைக் கடைசிக் கட்டத்தில் கறுப்பனாகக் காட்டியது. 1956இல் அதை மறுபடி அச்சிடப் போனபோது அந்தக் கறுப்பு முகத்துக்கு ஒழுக்க அதிகாரிகள் ஆட்சேபம் சொன்னார்கள். பேயைத் தடுக்க வந்த விதி யாருடைய முகத்தில் போய் நின்றது பாருங்கள்.

நம் தண்டனைச் சட்டத்தில் ஆபாசம் பற்றிய 292ஆம் பிரிவு 1969இல் திருத்தப்பட்டபோது, பழைய நினைவுச் சின்னங்களிலும் கோயில்களிலும் உள்ள சிற்பங்கள், ஓவியங்களுக்கு விலக்கு அளித்தது. அது ஆபாசம் பற்றியது, திகில் பற்றியது அல்ல. ஆனால் தர்க்கம் ஒன்றுதான். கல்லுக்கு ஒரு நீதி, தாளுக்கு ஒரு நீதி.

3

சரி, தமிழில் பேய் வரைந்தவர் யார்?

1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் அம்புலிமாமாவைத் தொடங்கினார்கள். 1952இல் அங்கே சேர்ந்தவர் கே.சி. சிவசங்கரன். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். சுடுகாட்டு வழியே உருவிய வாளோடு மன்னன் நடக்கிறான், தோளில் பிணம், பிணத்துக்குள் வேதாளம். இந்த ஒரே படம் பல பத்தாண்டுகள், பல மொழிகளில், பல தலைமுறைக் குழந்தைகளின் பயத்துக்கு உருவம் கொடுத்தது. மூலத்தில் 25 கதைகள்தான். தீர்ந்த பிறகும் புதுக்கதைகள் அதே சட்டகத்தில் வந்துகொண்டே இருந்தன. இதழை 1952 முதல் 1980 வரை நடத்திய குடும்பராவ் பகுத்தறிவுவாதி. தெலுங்குப் புரட்சிகர எழுத்தாளர் சங்கமான விரசத்தோடு நின்றவர். அவர் ஆசிரியராக இருந்தே வேதாளம் மாதாமாதம் பேசியது. இதை முரண்பாடு என்று தள்ளுவது சுலபம். ஆனால் வேதாளம் கேட்பது நியாயம் பற்றிய கேள்வி. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் மன்னனின் தலை வெடிக்கும். அரசனைப் பதில் சொல்லவைக்கிற பிணம் அது.

சிவசங்கரன் 2020இல் இறந்தார். 2021இல் பத்மஸ்ரீ வந்தது, இறந்த பிறகு. படத்தின் மூலையில் சங்கர் என்று போட்ட கையெழுத்தைத்தான் நாங்கள் அறிந்திருந்தோம்.

அதே ஓவியப் பள்ளியிலிருந்து இன்னொரு பாதை கிழக்குக் கடற்கரைக்குப் போனது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து, மாமல்லபுரம் போகும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தை அமைத்தார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுப் பிழைத்துக்கொண்டே தங்கள் கலையைக் காப்பாற்றினார்கள். அது பெரிய காரியம், மறுக்கவில்லை. பிழைப்புக்குப் பாத்திக் செய்த கை நவீன ஓவியரின் கை. பிழைப்புக்கு வேதாளம் வரைந்த கை வெறும் பத்திரிகைக்காரரின் கை. இந்தப் பாகுபாட்டை எழுதியது யார்? நம் சிறுபத்திரிகைகளும்தான். கோட்டோவியங்களை அட்டையில் போட்டுப் பெருமைப்பட்ட நாம் வேதாளத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினோமா?

4

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் புத்தகம் இரும்புக்கை மாயாவி. ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன் விபத்தில் கையை இழந்தவன், இரும்புக்கை பொருத்தியிருக்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அந்தக் கதை 1962இல் பிரிட்டனின் வேலியண்ட் இதழில் தொடங்கியது. வரைந்தவர் பார்சிலோனாவின் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்தில் இருந்த ஸ்பெயினில் உட்கார்ந்துகொண்டு லண்டன் வாரப் பத்திரிகைக்கு வரைந்த மனிதர். அங்கிருந்து அது சிவகாசிக்கு வந்து எங்களூர்ப் பெட்டிக்கடையில் கொடியில் தொங்கியது. 1986இல் அதே ஊரிலிருந்து திகில் காமிக்ஸே வந்தது.

பத்து வயதில் எனக்குப் பிளாஸ்கோவைத் தெரியாது. அவருடைய கறுப்பு மையின் அடர்த்தி மட்டும் தெரியும். மாயாவி அந்த ஓவியர்களின் உருவகமாகவே எனக்கு இப்போது படுகிறான்: கை தெரிகிறது, ஆள் தெரியவில்லை. இங்கெல்ஸோ அதையும் மறைத்துக்கொண்டார். திகில் இதழ்கள் நின்ற பிறகு ஃப்ளோரிடாவில் ஓவியம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். தன் பழைய வேலையைப் பற்றிப் பேசவே நெடுங்காலம் மறுத்தார். சட்டமும் ஒழுக்கமும் ஓர் உழைப்பாளியைத் தன் கையைப் பார்த்தே வெட்கப்பட வைத்தன.

மாமல்லபுரத்துச் சிற்பியின் பெயரும் நமக்குத் தெரியாது. ஆனால் அவன் கல்லைச் சுற்றி வேலியும் காவலும் இருக்கிறது. தாளில் வரைந்தவனின் படம் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகிறது. இந்தத் தாள்களை வீட்டில் யாராவது பரணில் வைத்திருந்தால் எடைக்குப் போடாதீர்கள். எந்த மூலையில் எந்தக் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். வரலாறு எழுத அங்கிருந்துதான் தொடங்க முடியும்.