ஓணான் குடும்பத்தில் சேர்த்த துவாட்டாரா

பல்லி வளர்ப்பவர் பலர் முதலில் கூண்டையும் விளக்கையும் வாங்கிவிட்டு, பிறகுதான் அது என்ன இனம் என்று விசாரிக்கிறார்கள். இந்த முறை தலைகீழானது என்பதற்கு நியூசிலாந்தின் துவாட்டாரா என்னும் பிராணியே சாட்சி. 1831-இல் லண்டனில் விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரே அதன் மண்டையோடு ஒன்றைப் பார்த்து அதை ஓணான் குடும்பத்தில் சேர்த்தார். 1842-இல் முழு உடலே கிடைத்தபோது, அதே பிராணி என்று தெரியாமல் இன்னொரு பெயரும் சூட்டினார்! 1867-இல் மற்றொரு விலங்கியலாளரான ஆல்பர்ட் குந்தர் அதன் உடலைப் பிரித்து ஆராய்ந்தார். செவித்துளை இல்லை; மேலே இரண்டு பல்வரிசை, அவற்றின் இடுக்கில் கீழ்வரிசை கச்சிதமாகப் பொருந்துகிறது. பல்லியே அல்ல, ஊர்வனவற்றில் தனிப் பிரிவு என்றார்.

பெயர் எதற்கு, கவனமாகப் பார்த்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஓணானுக்கு வெயில் வேண்டும். துவாட்டாராவோ குளிர்ந்த இரவில் இரை தேடும், 28 டிகிரிக்கு மேல் வெப்பம் அதற்குக் கேடு. நூறாண்டுவரை வாழக்கூடிய இப்பிராணி தவறான கூண்டிலும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். வெறும் கண்காணிப்பில் பிழை தெரியவராது. சரியான பெயர் தெரிந்த பிறகும் கூண்டில் இனப்பெருக்கம் எளிதாகவில்லையே என்பது நியாயமான மறுப்புதான். பெயரோடு வாழிடமும் தெரியவேண்டும்: வளை தோண்ட மண், குளிர்ந்த காற்று, முட்டைக்கேற்ற வெப்பம். அடைகாக்கும் வெப்பம் கூடினால் குஞ்சுகள் ஆணாகிவிடும். இனம் தெரியாத பல்லி உங்களிடம் இருந்தால், விளக்கு வாங்குமுன் அதன் தலை, விரல், வால் தெளிவாகத் தெரியும் படங்களை ஊர்வன அறிந்தவரிடம் காட்டுங்கள்.