ஆளெடுப்பு

செய்யாற்றில் பஸ் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு டீக்கடை உண்டு. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அந்தக் கடைக்கு முன்னால் ஒரு சிறு மகாநாடே கூடியிருந்தது. ஊருக்குப் போயிருந்த நான், ஏதோ விபத்துச் செய்தி போலிருக்கிறது என்று பயந்து எட்டிப் பார்த்தேன். விபத்து ஒன்றுமில்லை. கடல் கடந்து ஜெட்டாவில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அதை ஒரு கைப்பேசியில் பதினைந்து பேர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அசுவினைச் சென்னை அணி 9.75 கோடிக்கு எடுத்ததும் கடையில் பெரிய ஆரவாரம். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சேலம் நடராஜனை 10.75 கோடிக்கு டெல்லிக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். உடனே இரண்டு கட்சி பிரிந்துவிட்டது.

"நம்ம பையனை நாமதாம்பா எடுக்கணும். அப்புறம் இன்னாத்துக்குச் சென்னைன்னு பேரு?" என்றது ஒரு கட்சி.

"ஊர்க்காரனையே எடுத்துக்கிட்டிருந்தா கோப்பை வருமா? தோனி இன்னா திருவண்ணாமலைக்காரரா?" என்றது இன்னொரு கட்சி.

உள்ளூர் ஆட்டக்காரர் இத்தனை பேர் இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் போடவேண்டும், போன வருஷம் கடைசியில் நின்ற அணிக்கே முதல் வாய்ப்புக் கொடுக்கவேண்டும், ஒருவனை மூன்று வருஷத்துக்கு மேல் கட்டிப்போடக் கூடாது என்றெல்லாம் தீர்மானங்கள் பறந்தன. இவர்களில் யாருக்கும் அந்த ஏலத்தில் ஒரு காசு லாப நஷ்டம் கிடையாது. ஆனால் சொந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் போன்ற கவலை ஒவ்வொருவர் முகத்திலும் தெரிந்தது.

பெஞ்சுக் கோடியில் வேஷ்டியும் முண்டாசுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இத்தனை கூச்சலுக்கும் நடுவில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஏலத்துல போற பையன், எனக்கு இந்தக் கட்சி வேணாம்னு சொல்லலாமா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வியை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

ஆட்டக்காரனைப் பிடிக்கும் வித்தை நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஏலம்தான் புதிது. சென்னையில் 1930-க்குச் சற்று முன்னும் பின்னும் சி. பி. ஜான்ஸ்டன் என்று ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். பர்மா ஷெல் கம்பெனியில் உத்தியோகம். கிரிக்கெட்டில் உயிர். செங்கற்பட்டுப் பக்கத்து மொறப்பாக்கத்தில் பிறந்து திருவல்லிக்கேணிக்குக் குடிவந்த எம். ஜே. கோபாலன் என்ற இளைஞர் பந்து போடுவது அவர் கண்ணில் பட்டது. ஏலமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. தம் கம்பெனியிலேயே கோபாலனுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தார். திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் சேர்த்துவிட்டார். ஆளெடுப்பு முடிந்துவிட்டது! 1934-ஆம் வருஷம் நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்த ஆட்டத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தைப் போட்டவர் அந்தக் கோபாலன்தான். ராம்சிங் இரண்டு இன்னிங்ஸிலுமாக 11 விக்கெட் வீழ்த்த, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோயிற்று.

கோபாலன் ஹாக்கியிலும் சூரர். 1935-ல் தியான் சந்துடன் நியூஸிலாந்து சென்று ஆடியவர். 1936-ல் அவருக்கு இரண்டு அழைப்புக்கள் காத்திருந்தன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கிக் குழுவுக்கு. மற்றொன்று இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் குழுவுக்கு. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கிக் குழு தங்கப் பதக்கத்துடன் திரும்பியது. கோபாலனோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் பந்தயத்தில்கூட இறக்கப்படாமல் கப்பலேறி வந்தார். ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். தேர்ந்தெடுத்தது அவர். தவறோ சரியோ, அது அவருடைய முடிவு. இப்படித் தவறாகத் தேர்ந்தெடுக்கும் பாக்கியம் பின்னால் வந்த எத்தனையோ பேருக்குக் கிட்டவில்லை.

அந்தக் காலத்தில் 'யார் எந்தக் கட்சி' என்பதற்கு வேறு விசித்திரமான விதிகளும் இருந்தன. பம்பாயில் நடந்த பெரிய பந்தயத்தில் மதத்தைக் கொண்டு அணி பிரித்தார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்ஸிகள், ஐரோப்பியர் என்று நான்கு கட்சி. 1937-ல் 'மற்றவர்கள்' என்று ஐந்தாவது ஒன்று. காந்தியடிகள் 1940-ல் இது கூடாது என்றார். 1946-க்குப் பிறகு அது நின்றுபோயிற்று. சமஸ்தானங்களின் கதை இன்னொரு தினுசு. இந்தூர் ஹோல்கார் மகாராஜா நாகபுரிக்காரரான சி. கே. நாயுடுவைத் தம் சேனையில் கர்னலாக்கி வைத்துக்கொண்டார். ஹோல்கார் அணி நான்கு முறை ரஞ்சிக் கோப்பையை வென்றது. 1945-ல் இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் டெனிஸ் காம்ப்டனே ஹோல்காருக்கு ஆடி ஆட்டமிழக்காமல் 249 ஓட்டம் எடுத்தார். யுத்தத்துக்காகப் பக்கத்து மௌ பாளையத்தில் வந்து தங்கியிருந்த சிப்பாய் அவர். அது போதுமான தகுதியாகிவிட்டது. இருந்தும் பம்பாய்தான் ஜெயித்தது என்பது வேறு விஷயம்.

மதம் போயிற்று, மகாராஜாக்கள் போனார்கள். ரயில்வேயும் பாங்குகளும் சிமெண்டுக் கம்பெனிகளும் அந்த இடத்துக்கு வந்தன. மட்டையும் பந்தும் பிடிக்கத் தெரிந்தால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மாதச் சம்பளம். கபடிக்காரர்களுக்கும் அப்படியே. இதில் பிறந்த ஊர், ஆடும் அணி என்ற கணக்கெல்லாம் குழம்பிப் போனாலும், குடும்பம் சாப்பிட்டது.

பிறகு 2008 வந்தது. பிப்ரவரி 20-ஆம் தேதி பம்பாயில் ஏலம். எட்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் செலவு உச்சவரம்பு 50 லட்சம் டாலர். டெண்டுல்கர், கங்கூலி, திராவிட், யுவராஜ், சேவாக் ஆகிய ஐவரை அவரவர் ஊர் அணிக்கே விட்டுவிட்டார்கள்; ஆனால் அந்த அணி ஏலத்தில் யாருக்கு அதிகமாகக் கொடுக்கிறதோ அதற்கு மேல் நூற்றுக்குப் பதினைந்து சேர்த்து இவர்களுக்குத் தரவேண்டும். சென்னைக்கு அப்படி ஒருவர் இல்லை. குறை என்று தோன்றிய இதுவே பெரிய சௌகரியமாயிற்று. தோனிக்குச் சென்னையும் பம்பாயும் போட்டியிட்டன. விலை 15 லட்சம் டாலரைத் தொட்டது. பம்பாய் அந்த விலைக்கு வாங்கினால் டெண்டுல்கருக்கு 17 லட்சத்து 25 ஆயிரம் கொடுக்கவேண்டும். இரண்டே பேருக்கு 32 லட்சத்துக்கு மேல் போய்விடும். மீதியில் ஒரு படையைத் திரட்டுவது எப்படி? பம்பாய் நின்றுவிட்டது. ராஞ்சியில் பிறந்தவர் சென்னைக்கு வந்து 'தல' ஆனதற்கு இந்தப் பதினைந்து சதவிகிதம் ஒரு முக்கிய காரணம். காவிய நாயகர்கள் இப்படிக் கணக்குப் பிள்ளையின் நோட்டிலிருந்தும் பிறப்பதுண்டு.

இதைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது அதற்கடுத்த மாதம் நடந்தது. இளைஞர் உலகக் கோப்பையை அப்போதுதான் வென்று வந்த பையன்களுக்கு ஏலம் கிடையாது. விலை முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். டெல்லிக்கு முறை வந்தபோது, அந்தக் குழுவின் தலைவனும் டெல்லி மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவனுமான பையன் கையெட்டும் தூரத்தில் இருந்தான். டெல்லி யோசித்தது. மட்டை பிடிக்க சேவாக் இருக்கிறார், கம்பீர் இருக்கிறார். வேண்டியது பந்து வீச ஒருவர். பிரதீப் சாங்வான் என்ற இடதுகை வேகப்பந்துக்காரரை எடுத்தது. தலைவன் பெங்களூருக்குப் போனான், 30,000 டாலருக்கு. அவன் பெயர் விராட் கோலி. அன்று டெல்லியின் யோசனையில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் அரிசி நிறைய இருக்கும்போது பருப்பு வாங்குபவனை யார் முட்டாள் என்பார்கள்? கோலி பெங்களூரிலேயே தங்கினார். பதினெட்டாவது பருவத்தில், 2025-ல், அந்த அணி முதல் முறை கோப்பையை வென்றது.

முறை வைத்து ஆளெடுக்கும் இந்த ஏற்பாடு அமெரிக்காவில் பிறந்தது. 1936-ல் அங்கே கால்பந்துக் கழகங்கள் கூடி, கடைசியில் நிற்பவனுக்கு முதல் தேர்வு என்ற விதிப்படி ஆளெடுத்தன. யோசனை சொன்ன பெர்ட் பெல், கடைசியில் நின்ற பிலடெல்பியா அணியின் சொந்தக்காரர்! முதலாவதாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் சம்பளம் கட்டுப்படியாகாமல் அந்த ஆட்டத்தையே ஆடவில்லை. பெரியவரின் கேள்விக்கு அவர் அன்றே ஒரு பதில் வைத்திருந்தார்: ஆடமாட்டேன் என்று வீட்டில் உட்காரலாம். அவ்வளவுதான் சுதந்திரம்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தார் தங்களுக்கென்று ஒரு கால்பந்து வைத்திருக்கிறார்கள். நீள்வட்டப் பந்து, ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். அங்கே 1915 முதல், நீ எந்தத் தெருவில் குடியிருக்கிறாயோ அந்தப் பகுதியின் கழகத்துக்குத்தான் ஆடவேண்டும் என்று எல்லை வகுத்துவிட்டார்கள். தந்தை ஆடிய கழகத்தில் மகன் சேரலாம் என்று ஒரு விலக்கும் பின்னால் வந்தது. டோப்ருக் போரில் 1941-ல் உயிர்விட்ட ஓர் ஆட்டக்காரரின் மகன் ரான் பராஸி அந்த வழியில்தான் மெல்போர்ன் கழகத்துக்கு வந்து, அந்த ஆட்டத்தின் பெரும் புகழ்பெற்ற பெயர்களில் ஒருவரானார். சௌத் மெல்போர்ன் கழகம் சிட்னிக்கே மூட்டை கட்டிக்கொண்டு போனபோது, சில்வியோ பொஸ்கினி என்ற இளைஞர், 'நான் ஊரை விட்டு வரமாட்டேன், வேறு கழகத்தில் ஆடுகிறேன்' என்றார். கூடாது என்றார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். 1983-ல் நீதிபதி, தொழில் செய்ய ஒருவனுக்குள்ள உரிமையை இந்த விதிகள் நியாயமின்றி முடக்குகின்றன என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பழைய வேலி ஆடிப்போயிற்று. 1986-ல் அவர்களும் அமெரிக்க முறைக்கு வந்தார்கள். இங்கிலாந்தில் இதே மாதிரி வழக்கை ஜார்ஜ் ஈஸ்தம் 1963-லேயே வென்றிருந்தார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆளை விடாமல் வைத்திருக்கலாம் என்பது அங்கே எழுபது வருஷத்து வழக்கம்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் விடாமல் வைத்திருப்பது! இதைப் படித்தபோது எனக்கு இங்கிலாந்து ஞாபகம் வரவில்லை. எங்கள் ஊரும் ஆரணியும்தான் வந்தன. இந்தப் பக்கத்தில் பட்டு நெசவாளிக்குத் தறி அவனுடையதாக இருக்கலாம். பட்டும் ஜரிகையும் முதலாளி தருவது. நெசவாளிக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. கல்யாணம், காதுகுத்து, மழைக்காலம் என்று வரும்போது முதலாளியிடம் முன்பணம் வாங்குவான். அந்த முன்பணம் தீராமல் வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது. வேறு முதலாளி அந்தக் கடனை அடைத்துவிட்டு ஆளை அழைத்துக்கொள்ளலாம். இதற்கும் கால்பந்துக் கழகங்கள் மாற்றுப் பணம் கொடுத்து ஆள் வாங்குவதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கழகத்துக்காரர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், அதைத் தவிர.

என் பள்ளிக்கூட நாட்களில் செய்யாற்று மணலில் பொங்கலுக்குச் சடுகுடு நடக்கும். வெளியூர் ஆளை இறக்கினால் கோப்பை கிடையாது என்பது கண்டிப்பான விதி. மாமன் வீட்டில் ஒரு வாரம் தங்கினால் உள்ளூரா வெளியூரா என்று நடுவரைச் சுற்றி அடிதடி வரைக்கும் போவோம். எங்கள் கட்சியில் ஒரு நெசவாளி வீட்டுப் பையன் இருந்தான். என்னைவிட இரண்டு வயது பெரியவன். மூச்சுப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினால் நான்கு பேர் சேர்ந்து மடக்கினாலும் விலாங்கு போல் நழுவி வந்துவிடுவான். ஒரு வருஷம் வெளியூரிலிருந்து வந்து பார்த்த ஒருவர், தங்கள் ஆலையில் வேலை தருவதாகவும் ஆலைக் கட்சிக்கு ஆடவேண்டும் என்றும் சொல்லிப் போனார். பையனின் அப்பா முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். தறியில் இரண்டு பேர் இருந்தால்தான் அது தீரும். கேட்டுப் பார்த்தார்கள், முதலாளி முடியாது என்று சொல்லவில்லை, கணக்கைக் காட்டினார். பையன் தறிக்குழியில் இறங்கினான். அடுத்த பொங்கலுக்கு நாங்கள் அவனை எங்கள் கட்சியில் வைத்து ஆடி ஜெயித்தோம். அவன் போகாதது எங்களுக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நடராஜன் கதையைக் கேட்கும்போதெல்லாம் அதனால்தான் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். சின்னப்பம்பட்டி, தகப்பனார் தறிக்கூடத்தில் தினக்கூலி, தாயார் சாலையோரத்தில் கோழிக்கறி வறுத்து விற்றவர். ஊரிலேயே ஜெயப்பிரகாஷ் என்ற பெரிய பையன் ஒருவர் இவருக்கு வழிகாட்டிச் சென்னைக்கு அழைத்துப் போனார். 2015-ல் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே பந்து வீசும் முறையில் குற்றம் கண்டார்கள். கையைத் திருத்திக்கொண்டு மறுபடி வந்தார். 2017 ஏலத்தில் 10 லட்சத்தில் கேட்கத் தொடங்கி 3 கோடியில் பஞ்சாபுக்குப் போனார். மறு வருஷமே 40 லட்சத்துக்கு ஹைதராபாத். ஒரே வருஷத்தில் ஒரு மனிதனின் மதிப்பு ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய வேடிக்கையைப் பாருங்கள்! பிறகு 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக, வலைப்பயிற்சிக்குப் பந்து போடப் போன இடமாகிய ஆஸ்திரேலியாவில், மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார்.

ஏலம் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் சின்னப்பம்பட்டிக்கு யார் வந்து பார்த்திருப்பார்கள்? ஆனால் டெல்லியா, சென்னையா என்று அவரை யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை. கேட்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு ரவீந்திர ஜடேஜா சாட்சி. இருபத்தோரு வயதில் வேறு அணியுடன் பேசிப் பார்த்தார் என்று 2010 பருவம் முழுவதும் அவரை ஒதுக்கி வைத்தார்கள்.

மறுநாள் காலையில் அதே டீக்கடைக்குப் போனேன். பெரியவர் அதே பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லலாம், இரண்டு வருஷம் ஆட முடியாது, அவ்வளவுதான் என்றேன்.

"ரெண்டு வருஷம் போனா?" என்றார்.

"மறுபடி ஏலம்."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீ வடக்கு மாட வீதியில இருந்தவன்தானே? கோட்டுக்கு அந்தப் பக்கம் போகவே பயந்துக்குவியே!" என்றார்.

டீக்குக் காசு கொடுக்கப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, முண்டாசு முடிப்பை அவிழ்க்கத் தொடங்கினார்.